கோட்டுக்காரர் திரித்த கயிறு

தன் மனைவியால் செய்ய முடியாத ஒரு காரியத்தைத் தேடிப் பிடித்து, அதில் தான் ஒரு பெரிய ஆளாகிக் காட்டுவது என்று கோட்டுக்காரர் தீர்மானித்தபோது, அவருடைய ஒரு கால் கால்சட்டைக்குள்ளும் மற்றொரு கால் வெளியிலும் இருந்தது. வாழ்க்கையின் பெரிய தீர்மானங்களெல்லாம் அவருக்கு இப்படி அரைகுறை உடுப்பில்தான் வந்து வாய்க்கும்.

காரணம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. கீழே தெருவில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதே இடைவெளியில் முந்தின நாள் சாயங்காலம் அவர் தன் காரை நுழைக்கப் பார்த்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், முன்னால் போனார். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொன்னது. கடைசியில் மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். இப்போது அவர் மனைவி அந்தக் காரைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரே வளைப்பில், உறைக்குள் கத்தி போவதுபோல உள்ளே செருகினாள். ஒரு கையால். மற்ற கையில் டீ இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கோட்டு தைப்பதில் அவரை அடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. கூனல் விழுந்தவன்கூட அவர் தைத்த கோட்டைப் போட்டால் படைத்தளபதி மாதிரி தெரிவான். அதனால்தான் எல்லோரும் பெயரை மறந்து கோட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் கடை. மேல்தளத்தில் குடித்தனம். கீழே இருக்கிற வரைக்கும் அவர் சிங்கம். படியேறினால் சிங்கத்துக்கு வால் மட்டும்தான் மிஞ்சும். ஒழுகுகிற குழாயை அடைப்பது, எரியாத விளக்கை எரிய வைப்பது, சதுரங்கத்தில் அவருடைய ராணியைத் தூக்குவது எல்லாம் அவள். ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் குடுவையும் குழலும் செய்து தரும் கண்ணாடிப் பட்டறையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் வீடு திரும்பினால் வீட்டில் இருக்கிற கோளாறுகள் தானாகவே வரிசையில் வந்து நின்றுவிடும்.

"எனக்குன்னு ஒண்ணு வேணும்," என்று கோட்டுக்காரர் கண்ணாடியில் தெரிந்த தன்னிடம் சொல்லிவிட்டு மற்ற காலையும் உள்ளே விட்டார்.

அந்த ஒன்று அன்று மத்தியானமே கடைக்கு நடந்து வந்தது. வந்தவர் ஒரு சரக்குக் கப்பல் கேப்டன். ஆறடிக்கு மேல் உயரம். தைக்கக் கொடுத்திருந்த கனத்த கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். தோளை அசைத்தார், கையைத் தூக்கினார், கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினார். திருப்தி தாங்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு மரப் புகைக்குழாயை எடுத்துப் பற்ற வைத்தார்.

கோட்டுக்காரருக்கு அந்த நிமிஷம் வாழ்நாளுக்கும் மறக்காது. புகை வந்ததா, ஒரு ஊரே உள்ளே வந்ததா என்று சொல்ல முடியவில்லை. மழையில் நனைந்த விறகின் வாசனை. பழைய தோல் பெட்டியின் வாசனை. காய்ந்த திராட்சை. எல்லாவற்றுக்கும் மேலே, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி, விஸ்கி. கையிலிருந்த அளவு நாடா நழுவிக் கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கேப்டன், என்ன இது?"

கேப்டன் ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் தடிமனுக்குக் கறுப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு, ஏதோ சுருண்டு படுத்திருந்தது.

"கயிறா?"

"கயிறுதான். புகையிலைக் கயிறு. இலையை முறுக்கி, விஸ்கி ஊத்தி, நல்லா அழுத்தி வச்சிருவாங்க. கறுத்துப் போற வரைக்கும் யாரும் கிட்டப் போக மாட்டாங்க."

"பிடிக்கலாமா?"

"நீங்க அதைப் பிடிக்கலாம். அது உங்களைப் பிடிச்சுக்கிட்டாத்தான் சிக்கல்."

"அவ்வளவு காட்டமா?"

"சிகரெட்டு பூனைக்குட்டி. இது புலி. என் கப்பல்ல இன்ஜின் ரூம்ல ஒருத்தன், வெறுங்கையால இரும்புக் கம்பிய வளைப்பான். இதைப் பாதி இழுத்துட்டு, 'அம்மா'ன்னான். அவங்கம்மா அப்ப வேற கண்டத்துல இருந்தாங்க."

"முழுசா பிடிச்சு முடிச்சவங்க?"

கேப்டன் புகையை மெல்ல விட்டார். அது கடையின் மேற்கூரை வரைக்கும் போய், அங்கே ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்தது. "எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான்."

கோட்டுக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் இரண்டாவது ஆளாக இருக்க ஓர் இடம் காலியாக இருக்கிறது! கோட்டு பிரமாதம் என்ற சந்தோஷத்தில் கேப்டன் கயிற்றில் ஒரு முழ நீளம் வெட்டி, தன்னிடமிருந்த பழைய குழாய் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "வெறும் வயித்துல மட்டும் வேண்டாம் கோட்டுக்காரரே," என்றார். அது கோட்டுக்காரர் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. உடைந்த தையல் மிஷின், தலையில்லாத பொம்மை, கிழிந்த துணி மூட்டைகள் எல்லாம் அடைந்து கிடக்கும். அந்த அறை தன்னுடைய வேலைக்கு வேண்டுமென்று மனைவி வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ஒரு சின்ன அடுப்பு வைத்துக் கண்ணாடி ஊத வேண்டுமாம். அவர் கொடுக்கவில்லை. எதற்கு வேண்டும் என்று அவருக்கே தெரியாமல் வைத்துக்கொண்டிருந்த அறைக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. தலையில்லாத பொம்மைக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

கயிற்றைத் துணி வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினார். சின்னச் சின்னக் காசுகளாக விழுந்தன. தேய்த்து உதிர்த்துக் குழாயில் அடைத்தார். பற்ற வைத்தார். அணைந்தது. பற்ற வைத்தார். அணைந்தது. ஒரு தீப்பெட்டி காலியான பிறகு லேசாகப் புகைந்தது. இழுத்தார்.

அடேயப்பா!

முதல் இழுப்பில் நாக்கில் யாரோ சூடான சாட்டையால் தட்டினார்கள். இரண்டாவது இழுப்பில் காது இரண்டும் சுட்டது. மூன்றாவதில், எதிரே நின்ற பொம்மைக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், குழாயைக் கவிழ்த்து ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியில் தட்டிவிட்டு வெளியே வந்தார். ஆனால் வந்த நடையே வேறு. கப்பல் மேல்தளத்தில் நடப்பவர்போலக் காலை அகட்டி வைத்தார். தொண்டை கரகரத்ததைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாயங்காலந்தோறும் இதுதான். இழுப்பு, சாட்டை, தலை முளைப்பது, பூந்தொட்டி. பாதிக் குழாயைத் தாண்டியதில்லை. ஆனாலும் தான் ஒரு மகா காரியத்தில் இறங்கியிருக்கிறோம் என்ற பிரமிப்பு அவரை விடவில்லை. இவ்வளவு சின்னக் கயிற்றுக்குள் இவ்வளவு பெரிய சக்தியை எவன் முறுக்கி வைத்தானோ என்று டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொள்வார்.

மனைவிக்கு மூக்கு இருந்தது.

"என்னங்க, ஏதோ வாசனை வருதே?"

"புதுத் துணி வாசனைம்மா."

"துணி விஸ்கி குடிக்குமா?"

"வெளிநாட்டுக் கம்பளி. அந்தப் பக்கத்து ஆட்டுக்கே அந்த வாசனை உண்டு."

"ஆடு எங்க மேயுது, சாராயக்கடை வாசல்லயா?"

"அது... மலை ஆடு. குளிருக்கு அவங்களே கொஞ்சம் ஊத்தி விடுவாங்க போல."

"கயிறு திரிக்காதீங்க."

கோட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். "கயிறா? எந்தக் கயிறு? நான் எந்தக் கயிறையும் பார்க்கல! கறுப்பாவும் பார்க்கல, வெள்ளையாவும் பார்க்கல!"

"பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேங்க," என்றாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுவாரம் ஒரு நீதிபதியின் கோட்டு தைத்துப் போனது. போன மறுநாளே ஃபோன் வந்தது. பேசியது நீதிபதியின் மனைவி. எடுத்தது கோட்டுக்காரரின் மனைவி.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வச்சிருக்கிறது தையல் கடையா, பாரா?"

"தையல் கடைதாங்க. ஏங்க?"

"கோட்டு அப்படி வாசனை அடிக்குது! இருபது வருஷமா தொடாதவர்னு நான் நம்பிக்கிட்டிருந்தேன். நேத்து நைட்டெல்லாம் அவரை நிக்க வச்சு விசாரிச்சேன். கடைசியில அவர், 'செய்யாத குத்தத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது'ன்னு அழுதுட்டாரும்மா."

ஃபோனை வைத்துவிட்டு மனைவி கீழே இறங்கி வந்தாள். கோட்டுக்காரர் அவள் இறங்கி வரும் சத்தத்தை வைத்தே விஷயம் பெரிது என்று கண்டுகொண்டார்.

"தண்ணி போடறீங்களா?"

"எங்க, துணிக்கா? இல்லையே."

"நான் கேக்கிறது குடிக்கிற தண்ணி."

"சத்தியமா குடிக்கலம்மா. பிடிக்கிறேன்."

"என்ன பிடிக்கல?"

"பிடிக்கலன்னு சொல்லல. பிடிக்கிறேன்னு சொன்னேன்."

"யாரை?"

"பைப்."

"சமையலறைப் பைப்பு ஒரு மாசமா ஒழுகிக்கிட்டிருந்தது. அதைப் பிடிச்சீங்களா? நான்தானே பிடிச்சு அடைச்சேன்?"

இனி ஒளித்துப் பயனில்லை. குடிகாரன் என்ற பட்டத்தைவிடப் புகைக்காரன் என்ற பட்டம் தேவலை. கோட்டுக்காரர் பின்னறைக்குப் போய் டப்பாவையும் குழாயையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். வைத்தவுடன் அவருக்கே வீரம் வந்துவிட்டது. அது சாதாரணப் புகையிலை இல்லை, கப்பல் கேப்டன் கொடுத்த, விஸ்கியில் ஊறிய கயிறு. இரும்பை வளைப்பவனையே அம்மா என்று அலற வைத்தது. இதைப் பிடிக்க மூச்சு வேண்டும், நிதானம் வேண்டும், நெஞ்சில் உரம் வேண்டும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். மனைவி முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"அவ்வளவு கஷ்டமா இது?"

"உன்னால நெனச்சுக்கூடப் பார்க்க முடியாது."

"நீங்க முழுசா முடிச்சிருவீங்களா?"

இங்கேதான் கோட்டுக்காரர் வழுக்கினார். "தினமும்," என்றார்.

"தினமுமா!" மனைவியின் கண் ஒரு கணம், திறந்திருந்த பின்னறைக் கதவு வழியாக, ஜன்னலோரப் பூந்தொட்டிக்குப் போய்த் திரும்பியது. "அப்ப ஏங்க திருட்டுப் பூனை மாதிரி பின்னறையில ஒளிஞ்சு பிடிக்கணும்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹால்ல, பெரிய நாற்காலியில ராஜா மாதிரி உக்காந்து பிடிங்க. அந்தக் கேப்டனையும் கூப்பிடுங்க. எதிர்வீட்டுப் பல் டாக்டரையும் கூப்பிடுறேன். எல்லாரும் பார்க்கட்டும். முழுசா முடிச்சிட்டீங்கன்னா பின்னறை உங்களுக்கே. புகைக்கிறதுக்குன்னே வச்சுக்குங்க. நான் இனிமே அந்த அறைய வாய் திறந்து கேக்க மாட்டேன்."

"முடிக்கலன்னா?" வெறும் மரியாதைக்குத்தான் கேட்டார்.

"அறை, குழாய், கயிறு மூணும் எனக்கு."

கோட்டுக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இவள் இறங்கி வந்திருக்கிறாள்! புலிக்கு முன்னால் யாராயிருந்தாலும் பணிந்துதான் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் அந்தக் கயிற்றை நன்றியோடு பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேப்டன் புதுக் கோட்டோடு வந்தார். பல் டாக்டர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டுக்காரர் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, பெரிய நாற்காலியில் அமர்ந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு உக்காருங்க," என்றாள் மனைவி.

"வேண்டாம். வயிறு லேசா இருந்தாத்தான் இதோட ருசி தெரியும். உனக்கு இதெல்லாம் புரியாது."

கேப்டன் வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். கேப்டன் வாயை மூடிக்கொண்டார்.

முதல் சில இழுப்பு கம்பீரமாகத்தான் போயிற்று. நீலப் புகை எழுந்தது. விஸ்கி வாசனை ஹாலை நிறைத்தது. பல் டாக்டர், "அண்ணே, உங்களைப் பார்த்தா படத்துல வர்ற துப்பறியும் ஆள் மாதிரியே இருக்கு!" என்று வாய் பிளந்தார். கோட்டுக்காரர் மூக்கு வழியாகப் புகை விட்டுக் காட்டினார். குழாய் அணைந்தது. பற்ற வைத்தார். மறுபடி அணைந்தது. அதிதிகள் முன்னால் அணையலாமா என்று ரோஷம் வந்து, துருத்தி மாதிரி இழுக்க ஆரம்பித்தார்.

"மெதுவா, மெதுவா," என்றார் கேப்டன். "தூங்குற குழந்தைக்கு முத்தம் குடுக்கிற மாதிரி இழுக்கணும்."

கேட்கிற நிலையில் கோட்டுக்காரர் இல்லை. வழக்கமாகப் பூந்தொட்டியைத் தேடும் கட்டம் வந்துவிட்டது. கண் தானாகவே ஜன்னல் பக்கம் போயிற்று. ஆனால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் வைக்க முடியாது. இழுத்தார்.

"அண்ணே," என்றார் பல் டாக்டர், "முகம் கொஞ்சம் வெளுத்திருக்கு."

"வெளிச்சம்."

"இப்ப சாம்பல் கலரா இருக்கு."

"புகை."

"இப்ப பச்சையா இருக்குண்ணே."

துணி மாதிரிகள் ஒட்டிய அட்டையைப் புரட்டுவதுபோலக் கோட்டுக்காரர் முகத்தில் ஒவ்வொரு நிறமாக வந்து போயிற்று. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. விக்கல் வேறு. எதிரே சோபா மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் நடந்து போவதை அவர் கண்ணால் கண்டார். சுவர்க் கடிகாரம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது.

"கேப்டன்," என்றார் ஈனக் குரலில், "கப்பலைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நாம வீட்லதான் இருக்கோம் கோட்டுக்காரரே," என்றார் கேப்டன், மிகுந்த பரிவோடு.

"அப்ப வீட்டை நிறுத்துங்க."

சொல்லிவிட்டு அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, வழிந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு கோட்டு மாட்டியிலிருந்து நழுவுவதைப்போல வழிந்து தரையில் சேர்ந்தார். இரும்பை வளைத்தவன் கூப்பிட்டவளைத்தான் இவரும் கூப்பிட்டார்.

மனைவி சர்க்கரைத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்கூட்டியே கரைத்து வைத்திருந்தது அது. சட்டைக் காலரைத் தளர்த்தி, தலைக்கடியில் தலையணை வைத்து, ஈரத்துணியால் முகத்தை ஒற்றினாள். "ஒண்ணுமில்லங்க. கண்ணை மூடாதீங்க. ஒரே எடத்தையே பாருங்க, சுத்தாது," என்றாள். அந்தக் குரலில் கேலி துளிக்கூட இல்லை. அதுதான் அவருக்கு அழுகையாக வந்தது.

அவர் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் அவள் முகம். அதனால் பிறகு நடந்தது முழுவதையும் அவர் பார்த்தார்.

அவள் தரையில் கிடந்த குழாயை எடுத்தாள். புகையிலை அடைக்கும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாதிக்கு மேல இருக்கு, தங்கச்சி," என்றார் கேப்டன். "அதுவும் அடிப்பாதி. மேல இருக்கிறது நரி. கீழ இருக்கிறதுதான் புலி. கொட்டிருங்க."

"தீ ஒழுங்கா விழலையே. ஒரு ஓரமா மட்டும் தின்னிருக்கு," என்றாள் அவள், தனக்குத்தானே. பட்டறையில் கோணலாகச் சூடேறிய குழலைப் பார்க்கிற பார்வை. கெட்டித்துப்போன மேற்பரப்பைத் தீக்குச்சி முனையால் இளக்கினாள். லேசாக அழுத்தினாள். புதுக்குச்சி ஒன்றைக் கிழித்து, சுடரை வட்டமாக, விளிம்போரம் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று காட்டினாள். ஒரே குச்சி.

பிறகு குழாயை வாயில் வைத்தாள்.

கோட்டுக்காரர் தரையில் கிடந்தபடி மூச்சை மறந்தார். அவள் இழுத்ததே தெரியவில்லை. கன்னம் மட்டும், தூங்கும்போது குழந்தைக்கு அசையுமே, அவ்வளவு அசைந்தது. உதட்டோரம் புகை ஓர் இழையாகப் புறப்பட்டது. அறுந்து போகாத இழை. ஜன்னல் வெளிச்சத்தில் அது நீலமாக ஏறி, நிதானமாகப் பிரிந்து, ஹால் முழுக்கப் பட்டு விரித்த மாதிரி பரவியது. அவர் இழுத்தபோது கரித்து எரிந்த அதே கயிறு, இப்போது உள்ளே அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே விட்டது. விறகு. தோல். திராட்சை. எரிந்து அடங்கிய ஒரு காட்டில் மழை பெய்த வாசனை. விஸ்கி கத்தவில்லை, காதோரம் வந்து பேசியது. வெளியே உண்மையாகவே மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஜன்னலைச் சாத்த எழவில்லை.

குழாய் அணையவில்லை. இருமல் இல்லை. வேர்வை இல்லை. நடுவில் பல் டாக்டரின் தாயாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பல் டாக்டர் வாயைப் பிளந்தபடி தலையை மட்டும் ஆட்டினார். கேப்டன் மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மழை வந்து, பெய்து, விட்டது. அவள் குழாயைக் கவிழ்த்தாள். சலித்த மாவு மாதிரி வெள்ளைச் சாம்பல் ஒரு சிட்டிகை விழுந்தது. ஒரு கறுப்புத் துணுக்கு இல்லை.

"பரவால்ல," என்றாள். "கொஞ்சம் இனிப்பா இருக்கு."

"தங்கச்சி," என்று தொடங்கிய கேப்டன் எழுந்து நின்று திருத்திக்கொண்டார். "மேடம். இதுக்கு முன்னாடி..?"

"சிகரெட்டுகூடத் தொட்டதில்லைங்க. நெஞ்சுக் காத்தைப் போட்டா இது நம்மளத் தின்னுரும் போலிருக்கு. கன்னத்துக் காத்து போதும். பட்டறையில நாள் பூரா எனக்கு அதுதானே வேலை? பெருமூச்சு விட்டா குடுவை வெடிச்சிரும். ஊதி ஊதித்தான் நான் சோறு திங்கிறேன்."

"அண்ணி, ஊதித் தள்ளிட்டீங்க அண்ணி!" என்று பல் டாக்டர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

கோட்டுக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவமானமாவது வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ, முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது வந்த அதே திகைப்பு. இவ்வளவு பெரிதா, இவ்வளவு நாளும் இது இங்கேயேதான் இருந்ததா என்ற திகைப்பு. தினமும் தனக்கு டீ கொடுக்கிற கை அது. தினமும் தன் பக்கத்தில் விடுகிற மூச்சு அது. நான் இவளுக்குப் புருஷனா என்று பெருமை பொங்கியது. பொங்கி மேலே வரும்போது விக்கல் குறுக்கிட்டது.

விருந்தாளிகள் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் முடிக்க மாட்டேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பூந்தொட்டியைப் பார்த்தேங்க. நீங்க கொட்டினது எல்லாமே மேலாப்புல மட்டும் கருகியிருந்துச்சு. ஒரு நாளும் பாதியைத் தாண்டலன்னு செடிக்கே தெரிஞ்சிருச்சு. அது வாடி ரெண்டு வாரமாச்சு."

"அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டினே?"

"தனியா விட்டா பாதியில வச்சிருவீங்க. அப்படியே வருஷக்கணக்கா ஓட்டுவீங்க. நாலு பேர் பார்த்தா வைக்க மாட்டீங்க. உங்க வீம்பு எனக்குத் தெரியாதா?" ஈரத்துணியைப் பிழிந்து உதறினாள். "இனிமே அதைக் கண்டாலே உங்களுக்குத் தலை சுத்தும். நல்லதுதானே? அந்தப் பொம்மையை எங்க வைக்கப்போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு அடுப்பு வருது."

அடுப்பு அவருடைய பந்தயத்துக்கு முன்னாலேயே சொல்லி வைக்கப்பட்டது என்பது கொண்டுவந்து இறக்கிய ஆள் வாயிலாகத் தெரிந்தது. கோட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார். பின்னறையில் இப்போது சாயங்காலங்களில் சுடர் எரிகிறது. எப்போதாவது மழை பெய்தால் அங்கிருந்து விஸ்கி வாசனை கிளம்பும். அவர் உடனே எழுந்து வாசல் பக்கம் போய், தூணையோ கதவையோ பிடித்துக்கொண்டு, ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்த அழகைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் கேப்டன் கடைக்கு வந்தார். கையில் கருஞ்சிவப்பு வெல்வெட் துணி. தொட்டால் விரல் முங்கும், அப்படிப்பட்ட துணி.

"இதுல ஒரு கோட்டு தைக்கணும். பெரிய மனுஷங்க பைப் பிடிக்கும்போது போட்டுக்குவாங்க இல்ல, அந்த மாதிரி. பட்டு வச்ச காலர், இடுப்புல கயிறு. என் அன்பளிப்பு."

கோட்டுக்காரருக்கு நெஞ்சு விம்மியது. தோற்றவனுக்கும் ஒரு மரியாதை செய்கிறாரே! தன் மார்பு அளவு தனக்கே தெரியும் என்றாலும் நிமிர்ந்து நின்று, "அளவு..?" என்றார் கூச்சத்தோடு.

"மேடம் மேலதானே இருக்காங்க? கூப்பிடுங்க," என்றார் கேப்டன்.

மனைவி வந்து பெரிய கண்ணாடி முன்னால் கையை அகல விரித்து நின்றாள். கோட்டுக்காரர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தோள்ல கொஞ்சம் தாராளமா விடுங்க. பைப் வைக்க உள்பக்கம் ஒரு பாக்கெட். என்னங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றாள் அவள்.

அவர் எப்படிச் சொல்லுவார்? வாய் நிறையக் குண்டூசி.